மருமகனும் பதினாறு பெட்டிகளும்

மருமகனின் போக்கு பிடிபடாமல் திகைத்த மாமியார்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தத் திகைப்பிலிருந்து உலகம் முழுக்க விலைபோகும் ஒரு கேள்வித்தாளுக்கு விதைபோட்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த காத்தரின் குக் பிரிக்ஸ். அவருடைய மகள் இசபெல், கல்லூரியில் சந்தித்த கிளாரன்ஸ் மையர்ஸ் என்பவரை 1918-ல் மணந்துகொண்டார். தாயும் மகளும் கற்பனையிலும் கருத்துகளிலும் திளைப்பவர்கள். மாப்பிள்ளையோ எதிலும் விவரம் கேட்பவர், காரியத்தில் கண்ணாக இருப்பவர். நல்ல பையன்தான், ஆனால் நம் வீட்டு வார்ப்பு இல்லையே என்று யோசிக்க ஆரம்பித்த காத்தரின், பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் புரட்டி ஆட்களை வகை பிரிக்கத் தொடங்கினார். உளவியலாளர் கார்ல் யுங் எழுதிய 'உளவியல் வகைகள்' நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1923-ல் கைக்கு வந்ததும், தான் தேடியது இதுதான் என்று அதைப் பிடித்துக்கொண்டார்.

யுங்கின் கருத்தைச் சோதனையாக்கியது மகள் இசபெல். அவர் படித்தது அரசியல் அறிவியல். துப்பறியும் நாவல் எழுதிப் பரிசும் வாங்கியவர். உளவியலில் முறையான பயிற்சி தாய்க்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்ல ஒரு கருவி வேண்டும் என்று இசபெல் கேள்விகளை எழுதத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் 'மையர்ஸ்–பிரிக்ஸ் வகைகாட்டி', சுருக்கமாக எம்.பி.டி.ஐ. என்று பெயர் பெற்றது.

நான்கு இணைகள். ஒவ்வொன்றிலும் நீங்கள் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கூட்டத்தில் தெம்பு பெறுகிறவரா, தனிமையிலா. கண்ணால் கண்ட விவரத்தை நம்புகிறவரா, உள்ளுணர்வையா. தலையால் முடிவெடுப்பவரா, நெஞ்சாலா. திட்டம்போட்டு வாழ்பவரா, வருகிறபடி பார்த்துக்கொள்பவரா. நான்கு எழுத்துகள், பதினாறு சேர்க்கைகள். 'நான் ஐ.என்.எஃப்.பி.' என்று சமூக ஊடகத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் இளைஞர் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

யுங் என்ன நினைத்தார் தெரியுமா? தன் நூலின் அர்ஜென்டினப் பதிப்புக்கு 1934-ல் எழுதிய முன்னுரையில், பார்த்த மாத்திரத்தில் மனிதர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது குழந்தைகளின் வீட்டு விளையாட்டுக்கு மேல் ஒன்றுமில்லை என்று கண்டித்திருந்தார். அவர் பெயரைச் சொல்லி நடக்கும் வியாபாரத்தில் அந்த முன்னுரை அதிகம் கண்ணில் படுவதில்லை.

இந்தச் சோதனையை எழுதி முடித்தவர்களில் பலர், 'அப்படியே என்னைச் சொல்கிறது' என்கிறார்கள். நான் கேட்க விரும்புவது, அந்த வியப்பு எதற்குச் சான்று என்பதை. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.3-ஐத் தொட்டது. சோதனை நன்றாக வேலை செய்ததா என்று கேட்டபோது அநேகமாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிறகு ஃபோரர் முதல் வரியை உரக்கப் படித்து, இதே போல யாருக்கெல்லாம் வந்திருக்கிறது என்று கேட்டார். மறுபடியும் எல்லாக் கைகளும் உயர, வகுப்பே சிரித்துவிட்டது. அத்தனை பேருக்கும் ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை அவர் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பிறர் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம், வெளியே தைரியம் உள்ளே கவலை, சில சமயம் கலகலப்பு, சில சமயம் ஒதுக்கம் — யாருக்குத்தான் பொருந்தாது? ராசிபலன் பக்கத்தை முதலில் திருப்பும் நமக்கு இது புதிதில்லை.

வகுப்பு மாணவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடவும் வழியில்லை. ராஸ் ஸ்டாக்னர் 1958-ல் இதே வேலையை நிறுவனங்களின் பணியாளர் மேலாளர்களிடம் செய்து பார்த்தார். ஆட்களை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்ட அவர்களிலும் பெரும்பாலோர் தங்களுக்குக் கிடைத்த பொதுப்படையான விவரிப்பைத் துல்லியம் என்று பாராட்டினார்கள்.

ஆனால் எம்.பி.டி.ஐ.யை ராசிபலனோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது நியாயமில்லை. இணையத்தில் கேலி செய்கிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ராசி, பிறந்த நேரத்திலிருந்து வருகிறது. எம்.பி.டி.ஐ.யின் எழுத்துகளோ நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்ன பதில்களிலிருந்து வருகின்றன. கூட்டம் பிடிக்காது என்று இருபது விதமாகச் சொன்னவரிடம் 'நீங்கள் அகமுகர்' என்று சொன்னால் அது பொய்யில்லை. அவர் சொன்னதே அவருக்குத் திரும்பி வருகிறது. கூடவே வரும் இரண்டு பக்க வருணனையில்தான் ஃபோரரின் கைவண்ணம் கலக்கிறது.

பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு ஊரில் எல்லாருடைய உயரத்தையும் அளந்து, ஐந்தடி ஐந்து அங்குலத்தில் கோடு கிழித்து, மேலே இருப்பவர் நெட்டை, கீழே இருப்பவர் குட்டை என்று எழுதி, அளந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டால் எப்படி? கோட்டை ஒட்டி நிற்கும் இரண்டு பேர் எதிரெதிர் இனமாகிவிடுவார்கள். அரை அங்குலம் உயர்ந்தவரும் ஆறரை அடிக்காரரும் ஓரினம். மனிதர்கள் உண்மையிலேயே இரு வகை என்றால், மதிப்பெண்களை வரைபடமாகப் போடும்போது இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் தெரிய வேண்டும். எம்.பி.டி.ஐ.யை 1962-ல் வெளியிட்டது அமெரிக்காவின் ஈ.டி.எஸ்., கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்குப் பெயர்போன நிறுவனம். அங்கேயே வேலை செய்த லாரன்ஸ் ஸ்ட்ரிக்கரும் அவரோடு ஜான் ராஸும் 1964-ல் இந்தப் பள்ளத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரே மேடு, அதிலும் கூட்டம் நடுவில்.

நடுவில் கூட்டம் இருக்கும்போது நடுவிலேயே கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். மறுமுறை எழுதும்போது ஓர் எழுத்து மாறாமல் இருக்க 84 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மோசமில்லை. ஆனால் நான்கு எழுத்துகளும் சேர்ந்து மாறாமல் இருக்க 0.84-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை, கிட்டத்தட்டப் பாதி. டேவிட் பிட்டெங்கர் 1993-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கண்டதும் ஏறக்குறைய இதுதான்: ஐந்து வார இடைவெளியில் திரும்ப எழுதியவர்களில் பாதிப் பேர்வரை வேறு வகைக்குத் தாவியிருந்தார்கள். தென்கொரியாவின் பி.டி.எஸ். இசைக்குழுவினர் சில ஆண்டு இடைவெளியில் இந்தச் சோதனையைத் திரும்ப எழுதியபோது, அவர்களிலும் சிலருக்கு எழுத்துகள் மாறின. ரசிகர்கள் அதை மனமாற்றம் என்று அலசினார்கள். கோட்டுக்கு அருகில் நின்றவர் ஓரடி நகர்ந்திருக்கலாம், அவ்வளவே.

ஆய்வுக்கூடங்களில் இன்று புழங்குவது வேறு முறை. அகராதிகளில் மனிதர்களை வருணிக்கும் சொற்களைத் திரட்டி, எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று புள்ளியியல் கொண்டு பிரித்ததில் உருவான ஐம்பெரும் பண்புகள்: புறமுகத் தன்மை, இணங்கிப்போகும் இயல்பு, பொறுப்புணர்வு, புதியவற்றில் நாட்டம், எளிதில் கலங்கும் மனம். 1936-ல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து திரட்டிய சொற்கள் மட்டும் 17,953. இங்கே பெட்டி கிடையாது. ஒவ்வொரு பண்பிலும் நீங்கள் எவ்வளவு என்பதற்கு ஓர் எண் மட்டும். 1989-ல் ராபர்ட் மக்ரேயும் பால் கோஸ்டாவும் இரண்டு சோதனைகளையும் ஒரே ஆட்களிடம் வைத்துப் பார்த்தார்கள். எம்.பி.டி.ஐ.யின் நான்கு இணைகளும் ஐம்பண்புகளில் நான்கோடு நன்றாகவே ஒத்துப்போயின. ஆக இசபெல் தொட்டது வெறும் காற்றை அல்ல.

விடுபட்டது ஐந்தாவது, எளிதில் கலங்கும் மனம். மனநலத்தைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய பண்பு அதுதான். அது இல்லாததால்தான் எம்.பி.டி.ஐ.யின் பதினாறு முடிவுகளில் ஒன்றுகூட மனம் நோகச் செய்வதில்லை என்பது என் எண்ணம். 'நீங்கள் தொட்டதற்கெல்லாம் பதறுகிறவர்' என்று அச்சிட்ட காபிக் கோப்பையை யார் வாங்குவார்? நம் இளைஞர்களில் பலர் எம்.பி.டி.ஐ. என்று நினைத்து எழுதுவது பெரும்பாலும் '16 பர்சனாலிட்டீஸ்' என்ற இலவச இணையத் தேர்வு. எழுத்துகள் எம்.பி.டி.ஐ.யிலிருந்து வந்தாலும் உள்ளே ஓடும் கணக்கு ஐம்பண்புகளைத் தழுவியது. அது ஐந்தாவதாக ஒட்டும் எழுத்து, விடுபட்ட அந்தப் பண்பைத்தான் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறது.

ஐம்பண்புகளும் கல்லில் செதுக்கியவை அல்ல. பொலிவியக் காட்டில் வேட்டையும் சிறு விவசாயமும் செய்து வாழும் சிமானே மக்களிடம் மைக்கேல் கர்வன் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஐந்தும் தனித்தனியாகத் தென்படவில்லை. படித்த நகரவாசிகளிடம் உருவான அளவுகோல் என்பது அங்கே வெளிப்பட்டுவிட்டது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் ஈர்த்தது வில்லியம் ஃப்ளீசனின் 2001 ஆய்வு. ஒரே ஒரு தாளில் 'நீ எப்படிப்பட்டவன்' என்று கேட்பதற்குப் பதில், நாளுக்குப் பல முறை, வாரக்கணக்கில், 'கடந்த சற்று நேரத்தில் எப்படி நடந்துகொண்டாய்' என்று கேட்டுப் பதிவு செய்யச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் ஒரே மனிதர் அநேகமாக எல்லா நிலைகளையும் தொட்டுவிடுகிறார். காலையில் வாயே திறக்காதவர் மாலையில் நண்பர்களிடம் அடங்காமல் பேசுகிறார். அலுவலகத்தில் ஒழுங்கின் உருவம், வீட்டில் துணி மடிப்பதில்லை. ஒரு மனிதர் தனக்குள்ளே மாறும் அளவு, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைவிடக் குறைந்ததல்ல. ஆனால் அந்தப் பதிவுகளின் சராசரியை எடுத்தால், இந்த வாரத்துச் சராசரியும் அடுத்த வாரத்துச் சராசரியும் வியக்கும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. 'மனிதனுக்கு நிலையான குணம் உண்டு' என்ற கட்சியும் 'எல்லாம் சூழ்நிலை' என்ற கட்சியும், வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1968-ல் கிளப்பிய சண்டையில் முப்பது ஆண்டுகள் மோதிக்கொண்டிருந்தன. இருவரிடமும் பாதி உண்மை இருந்திருக்கிறது. நாளைக் காலைக் கூட்டத்தில் நீங்கள் பேசுவீர்களா என்று ஆளுமைச் சோதனையால் சொல்ல முடியாது. இந்த ஆண்டு முழுக்க மொத்தத்தில் எவ்வளவு பேசுவீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடியும்.

இந்த வேறுபாடு வேலைக்கு ஆளெடுக்கும் மேசையில் காணாமல் போகிறது. முர்ரே பேரிக்கும் மைக்கேல் மவுன்ட்டும் 1991-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், எல்லாத் தொழில்களிலும் பணித்திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வு ஒன்றுதான். அந்தத் தொடர்பின் அளவு சுமார் 0.2. அதாவது ஊழியர்களுக்கிடையே திறனில் காணும் வேறுபாட்டில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கை மட்டுமே அது விளக்கும். ஆயிரம் பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு அதுவும் லாபம்தான். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலையெழுத்தை அதை வைத்து எழுதுவது அநியாயம். போதாததற்கு, வேலை கேட்டு வந்தவரிடம் 'எடுத்த காரியத்தை முடிப்பீர்களா' என்று கேட்டால் இல்லை என்றா சொல்வார்? உண்மை சொல்லும் அப்பாவிதான் மதிப்பெண் இழப்பார். எம்.பி.டி.ஐ.யை விற்கும் நிறுவனமே, ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் தென்கொரியாவில் சில வேலை விளம்பரங்கள் இன்ன இன்ன எழுத்துக்காரர் விண்ணப்பிக்கலாம், இன்னார் வேண்டாம் என்று கேட்கும் அளவுக்குப் போய், அங்கே பத்திரிகைகளில் செய்தியாயின.

இந்தச் சோதனைகள் எல்லாமே உங்களைப் பற்றி உங்களிடமே கேட்கின்றன. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல், யாருக்கு எது நன்றாகத் தெரியும் என்று பிரித்துப் பார்த்தார். ஒவ்வொருவரும் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும். நண்பர்களும் அவரை மதிப்பிட வேண்டும். பிறகு ஆய்வுக்கூடத்தில் அவர் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கப்பட்டது. பதற்றம் போன்ற உள்ளே புழுங்கும் விஷயங்களில் சொந்த மதிப்பீடு முந்தியது. அறிவுக்கூர்மை போல ஆசையும் மானமும் கலந்த விஷயங்களில் நண்பர்களின் கணிப்பு முந்தியது. வாயாடியா, அமைதியா என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எம்.பி.டி.ஐ.யின் முதல் எழுத்து கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். அதற்கான விடை அக்கம்பக்கத்தாருக்கே தெரியும்.