பழைய டிராக்டர்களில் இறுகிய பின்சக்கரத்தைக் கழற்றுதல்

இறுகிய பின்சக்கரம் என்பது, நட்டுகளைக் கழற்றிய பின்னரும் அச்சிலிருந்து விலகாமல் துருவால் பிடித்துக்கொண்டிருக்கும் டிராக்டர் சக்கரத்தைக் குறிக்கும். டயர், பிரேக் லைனிங், ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றும்போது இச்சிக்கல் தெரியவரும்.

சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன், மகிந்திராவின் பி-275 போன்ற பழைய டிராக்டர்கள் தமிழக ஊர்களில் பரவலாக உழைத்தவை. திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், அமராவதி பாசனம் பெறும் கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம் பகுதிகளில் நெல் விளைகிறது. இத்தகைய வயல்களின் சேற்றுழவு சக்கரங்கள் துருப்பிடிக்க முக்கியக் காரணமாகும்.

காரணம்

இத்தகைய டிராக்டர்களில் சக்கரத்தின் நடுத்தகடு அச்சின் முகப்புத் தட்டில் பொருந்தி, ஸ்டட்–நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே நீர் புகுந்தால் துரு உண்டாகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்வதால் தகடு ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது.

முன்னேற்பாடு

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். முன் அச்சு நடுவில் ஊஞ்சல்போல் ஆடக்கூடியது. எனவே அதன் இருபுறமும் மர ஆப்பு வைக்காவிட்டால், பின்பக்கத்தைத் தூக்கும்போது வண்டி சாயலாம். டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். ஒரு டயரில் 100 லிட்டருக்கு மேல் இருக்கக்கூடும்.

கழற்றும் முறை

1. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும்.
2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும்.
3. அச்சு உறையின் கீழ் ஜாக்கி வைத்துத் தூக்கி, உறுதியான தாங்கி கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.
4. நட்டுகளைச் சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டு, தகட்டின் உட்புறத்தில் மரக்கட்டை வைத்துச் சம்மட்டியால் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் தட்டாமல் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றித் தட்டுவது நல்லது.

நட்டுகளை முழுவதும் எடுத்துவிட்டால், திடீரென விடுபடும் சக்கரம் பணியாளர் மேல் விழும். சக்கரம் விலகிய பின்னரே, ஆள் துணையோடு நட்டுகளை எடுக்க வேண்டும்.

வெப்பப்படுத்துதல்

150 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுத் தகட்டின் வெப்பநிலையை 100 பாகை செல்சியசு உயர்த்தினால், துளை ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடியை விடுவிக்க இது பெரும்பாலும் போதும். ஆயினும் டயர் மாட்டிய சக்கரத்தில் கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டுவது உயிராபத்தானது. சூடேறிய ரப்பரிலிருந்து வெளிவரும் ஆவி டயருக்குள் தீப்பற்றி வெடிக்கக்கூடும். காற்றை இறக்கிவிடுவது மட்டும் பாதுகாப்பாகாது. டயரை ரிம்மிலிருந்து பிரித்த பின்னரே சூடேற்ற வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

பொருந்தும் பரப்புகளைச் சுத்தம் செய்து, நடுத்துளையில் மெல்லிய கிரீஸ் பூச வேண்டும்; ஸ்டட் மரைகளில் படக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, சில மணி நேரம் ஓட்டிய பின் மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் சக்கரத்தின் நடுப்பகுதியைக் கழுவி உலர்த்தினால் துருப்பிடிப்பது குறையும்.