ஆக்சலாட்டல் தொட்டிக்குள் என்ன வைக்கலாம்?

மீன்தொட்டிக் கடைகளில் ஓர் அடுக்கு முழுக்கக் கோட்டை, உடைந்த கப்பல், மண்டையோடு, சாயம் பூசிய கூழாங்கல் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்குபவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை அவை. ஆக்சலாட்டல் வளர்ப்பவர் அந்த அடுக்கைத் தாண்டிப் போய்விடுவதே நல்லது. எது ஆகும், எது ஆகாது என்பதை அந்த விலங்கின் வாயும் கண்ணும் தோலுமே சொல்லிவிடும்.

மெக்சிகோ நகரின் தெற்கே இருக்கும் சொச்சிமில்கோ நீர்நிலைதான் இந்தச் சாலமாண்டரின் கடைசிப் புகலிடம். 1998-ல் அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டது. நாட்டின் 50 பெசோ நோட்டில் இடம்பிடித்த விலங்குக்கு இந்த நிலை. வீடுகளில் வளர்பவை தொட்டியிலேயே பிறந்து பெருகிய தலைமுறைகள். ஆனால் கலங்கல் நீரின் அடியில், மங்கிய வெளிச்சத்தில் வாழப் பழகிய உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

முதலில் வாய். ஆக்சலாட்டல் இரையைக் கடித்துத் தின்பதில்லை. சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். மண்புழுவுக்குப் பக்கத்தில் சிறு கல் கிடந்தால் அதுவும் உள்ளே போகும். குடல் அடைத்துக்கொண்டு இறந்துபோகும் விலங்குகள் உண்டு. கடையில் கிலோக் கணக்கில் விற்கும் பொடிக் கூழாங்கல்தான் எல்லாவற்றிலும் மோசம். கல் வைத்தே தீரவேண்டுமென்றால் அதன் தலையைவிடப் பெரியதாக இருக்கட்டும். வளர்ந்த விலங்குக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்மணல் பரப்பலாம். விழுங்கினாலும் பெரும்பாலும் கழிவோடு வெளியேறிவிடும். 15 சென்டிமீட்டர் வளரும்வரை மணலும் வேண்டாம், வெறும் தரையே போதும். கண்ணாடியில் கால் வழுக்கும் என்று நினைத்தால் மெருகிடாத கல் பலகை ஒன்றைப் பதிக்கலாம்.

அடுத்தது கண். இதற்கு இமை கிடையாது, வெளிச்சம் பட்டால் மூடிக்கொள்ள வழியில்லை. அதனால் தொட்டியில் தவிர்க்கவே முடியாத ஒரே பொருள் மறைவிடம்தான். வளர்ந்த ஆக்சலாட்டல் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடம்பு முழுவதும் உள்ளே போய்த் தாராளமாகத் திரும்ப இடம் வேண்டும். சாயம் பூசாத மண் பூந்தொட்டியைப் படுக்கவைத்தால் செலவில்லாமல் முடிந்துவிடும். அதன் அடித்துளையில் குட்டி தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். நான்கு அங்குல பிவிசி குழாய் இன்னும் வசதி. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடவேண்டும். இருபுறமும் திறந்திருப்பதால் உள்ளே தண்ணீர் தேங்காது, தின்னாமல் விட்ட இரையும் கண்ணில் படும். உள்ளீடற்ற ரெசின் கோட்டைகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் அழுகி அமோனியாவைக் கூட்டும். ஒரே தொட்டியில் இரண்டு விலங்கு இருந்தால் ஆளுக்கொரு மறைவிடம் தேவை. இல்லாவிட்டால் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். கால் மறுபடி முளைக்கும் என்பது அலட்சியத்துக்குச் சாக்காகாது.

தோலோ செதில் இல்லாத மென்தோல். செவுள்கள் தலைக்கு வெளியே இறகுபோல் விரிந்திருப்பவை. விறைப்பான பிளாஸ்டிக் செடி இரண்டையும் கீறிவிடும். சந்தேகமான பொருளைப் பழைய நைலான் காலுறையால் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கினால் செவுளும் சிக்கும். உரியும் சாயம் பூசியவையும் உலோகப் பொருட்களும், முக்கியமாகச் செம்பு, தண்ணீருக்குள் போகவே கூடாது. சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். கல்லில் சில துளி வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பார்த்துச் சுண்ணாம்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

பசுமை வேண்டுவோருக்கு ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா பாசி இருக்கின்றன. மூன்றுக்கும் குறைந்த வெளிச்சமே போதும். ஆக்சலாட்டலுக்கு ஏற்ற 16 முதல் 18 டிகிரிக் குளிரையும் தாங்கும். மணலில் நட்டால் விலங்கு பிடுங்கிப் போட்டுவிடும், பெரிய கல்லில் நூலால் கட்டுவதே வழி. அந்தக் கல்லையும் மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு மணல் பரப்பவேண்டும். அடியில் மணல் விலகினால் கல் சரிந்து விலங்கின்மேல் விழும். எதை வைப்பதானாலும் முதலில் வெந்நீரில் தேய்த்துக் கழுவவேண்டும், சோப்பு கூடாது.