அடுப்படியில் செருப்பா?

எனக்கு 49 வயது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தின மாதிரி 'சுளீர்' என்று வலிக்கும். நாலு அடி நடந்தால் மட்டுப்படும். சமையல், பாத்திரம் என்று நின்றபடியே வேலை பார்த்தால் சாயங்காலம் மறுபடியும் ஆரம்பித்துவிடும். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் என் கணவர். செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுத்தேன்; அப்போதைக்கு இதமாக இருந்ததோடு சரி.

எலும்பு டாக்டர், ஈரக்காலோடு தரையில் நிற்கச் சொன்னார். உட்பக்க வளைவே தெரியாமல் பாதம் முழுசாகப் பதிந்தது. தட்டைப் பாதமாம். குதிகாலிலிருந்து விரல்கள் வரை அடியில் ஓடும் நார்ப்பட்டை, வளைவு தாழ்ந்தால் நிற்கும்போதெல்லாம் இழுபடுகிறது. ராத்திரி ஓய்வில் இறுகி, காலையில் முதல் அடியில் திடீரென இழுபடுவதால்தான் அந்த வலி.

சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும், கடையில் கிடைக்கும் ரெடிமேட் பாத அட்டையும் சொன்னார். பல பேருக்கு இதுவே போதுமாம். எனக்கு மூன்று மாதமாகியும் கேட்காததால், அளவெடுத்துச் செய்யச் சொன்னார். நுரைப்பெட்டியில் காலை அழுத்தச் சொல்லி, ஈர மணலில் பதிந்த மாதிரி அச்செடுத்தார்கள். வளைவைத் தாங்கும் மேடும், குதிகாலுக்குக் குழியுமாக அட்டை வந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகணும்.

தோழியரே, முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்த அட்டை மூக்குக்கண்ணாடி மாதிரி. போட்டிருக்கும் வரைதான் வேலை செய்யும். எலும்பை நிமிர்த்திவிடாது. நாமோ நாள் முழுக்க வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நிற்கிறோம். வெளியே போகும் அரைமணி நேரம் மட்டும் போட்டு என்ன பயன்?

"ஏம்மா, அடுப்படியில செருப்பா?" என்று முகம் சுளித்தார் மாமியார். "அத்தை, இது வாசப்படி தாண்டாத செருப்பு. பூஜை ரூம் பக்கம் கழட்டிடுவேன்" என்றேன். பின்வார் வைத்த புதுச் செருப்பில் அட்டையைப் பொருத்தி, வீட்டுக்கென்றே வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் காலை வலி பாதிக்கு மேல் குறைந்தது.

அதைப் பார்த்த மாமியார் ஒருநாள், "எனக்கும் பாதம் மதமதன்னு இருக்கு, அந்த மாதிரி ஒண்ணு வாங்கித் தாயேன்" என்றார். அவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். அவருக்குத் தெரியவே இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண்! வலிக்காததால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பை அளவெடுத்துக் கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் குழுவினர், உணர்ச்சியற்ற தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பயன்படுத்திய மிருதுவான ரப்பர்தான் அது. இன்று சர்க்கரை நோயாளிகளின் காலையும் காக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு ஜோடி நடமாடுகின்றன! குதிகால் வலித்தால் வயசு மேல் பழி போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால், தினமும் ராத்திரி அவர்கள் உள்ளங்காலைப் பாருங்கள். வலி இல்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.