"புழுவே விழாதுங்க" என்று விற்ற கத்தரி விதை

"இந்த ரகத்துல புழுவே விழாதுங்க." பல்லடம் பக்கம் கத்தரி நாற்றுவிட விதை வாங்கப் போகிறவர் இதைக் கேட்டால், அதையே பாக்கெட்டில் காட்டச் சொல்ல வேண்டும். தண்டு, காய்த்துளைப்பான் அறவே அண்டாத ரகம் நம் கடைகளில் இல்லை. இந்தப் புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை மத்திய அரசு 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1 முதலிய ரகங்களில் செய்திருந்த வேலையும் அதோடு நின்றது.

ரகத்துக்கு ரகம் சேதம் கூடக்குறைய இருப்பது உண்மைதான். சதை இறுகி, விதை நெருக்கமாக இருக்கும் காயில் புழுவுக்குப் பாடு அதிகம். மெத்தென்ற பெருங்காயில் அதற்குச் சுகவாசம். அந்துப்பூச்சி இலையடியிலும் இளந்தண்டிலும் காயின் பச்சைத் தொப்பியிலும் முட்டையிடும். சில நாளில் பொரிந்து வரும் புழு, சில மணி நேரத்தில் உள்ளே புகுந்து, துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். சுமார் இரண்டு வாரம் உள்ளேயே தின்று கொழுக்கும். பிறகுதான் வெளியே வந்து, கூட்டுப்புழுவாக மண்ணிலோ சருகிலோ ஒதுங்கும்.

புழு உள்ளே போனபின் எத்தனை டேங்க் மருந்தடித்தாலும் காசுதான் போகும். நுனி வாடிய தண்டைப் புழுவோடு கிள்ளி எரிப்பதும், ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் மலிவு. சொத்தைக் காயை வரப்பில் வீசுவது அடுத்த தலைமுறையை நாமே வளர்ப்பது.

மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் அடித்தபின் காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் பயிருக்கு எதிரே போட்டிருப்பதைப் பாருங்கள். குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற மருந்துக்குத் தக்காளியில் 3 நாள். கத்தரியில் 22 நாள். மூன்று நாளுக்கொரு தரம் காய் பறிக்கும் தோட்டத்தில் அந்த 22 நாளை யார் பார்க்கிறார்கள்? நஞ்சு நேரே சந்தைக்குத்தான் போகிறது.

இனி விதைக்காரர் கணக்கு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற ரகத்தின் விதை உழவருக்கு விற்கப்பட்டால், அந்த ரகத்தை உருவாக்கியவர் அது எந்த நிலையில் என்ன தரும் என்று உழவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னபடி தராவிட்டால் அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம். விதை வாங்கும் உழவரும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். விதைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

வாய்ச்சொல் அங்கே எடுபடாது. பில், பாக்கெட், அதிலுள்ள லாட் எண், கொஞ்சம் மீதி விதை, இவை வேண்டும். "பில் போட்டா ஜி.எஸ்.டி. ஆகுமுங்க" என்று கடையில் இழுத்தாலும் விடாதீர்கள். சேதம் தெரிந்ததும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, அலுவலர் வந்து பார்த்து அறிக்கை எழுதும்வரை செடியைப் பிடுங்காதீர்கள். வெறுத்துப்போய் டிராக்டர் விட்டு ஓட்டிவிட்டால், வழக்குக்குச் சாட்சி மிஞ்சாது.