அறிமுகத்தால் ஓடும் தொழில்

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, ஐந்தே ஆண்டில் 'மிஸ் கமலா'வைத் தானே இயக்கிவிட்டார். 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவு செய்தபோது, ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று கொண்டாடினார்கள். இத்தனை சீக்கிரம் பெண்கள் நுழைந்த தொழிலில், ஒரு பெண் கேமராவுக்குப் பின்னால் நிற்பது இன்னமும் பத்திரிகைச் செய்தியாகிறது. காரணத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களின் ஆர்வத்தையோ திறமையையோதான் அலசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, இந்தத் தொழிலில் ஆள் எடுக்கும் முறையை.

சினிமாவில் உதவி இயக்குநர் வேலைக்கு விளம்பரம் வருவதில்லை, தேர்வும் கிடையாது. தெரிந்தவர் ஒருவர் சொல்லிச் சேர்த்துவிடுவார். பிறகு நள்ளிரவு வரை நீளும் கதை விவாதம், அவுட்டோர் படப்பிடிப்பில் ஒரே அறையில் நாலு பேர் தங்கல், பேட்டாவில் ஓடும் வருடங்கள். அந்த அறையில் பழகியவன்தான் நாளை தனிப்படம் செய்யும்போது நினைவுக்கு வருகிறான். பெண் உதவியாளர் என்றால் தனி அறை போட வேண்டும் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கணக்குப் பார்ப்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவள் பெயர் தானாகவே பட்டியலிலிருந்து நழுவிவிடும். விஜயலட்சுமி, இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள்; 'அபியும் நானும்' படத்தின் ஒளிப்பதிவாளர் ப்ரீத்தா ஜெயராமன், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் உறவினர். அவர்களுடைய திறமையை இது குறைப்பதில்லை. ஆனால் அதே திறமையோடு அறிமுகம் இல்லாமல் வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எழுதப்படாத வழக்கம் போதாதென்று, சில இடங்களில் விதியாகவே எழுதிவைத்திருந்தார்கள். மும்பைத் திரையுலகின் ஒப்பனைக் கலைஞர் சங்கம், பெண்களுக்குச் சிகையலங்காரக் கார்டு மட்டுமே கொடுத்துவந்தது. முகத்துக்கு ஒப்பனை செய்யும் கார்டு ஆண்களுக்கே. முறையாகப் பயின்ற சாரு குரானா உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 நவம்பரில் அந்த விதியை உடைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கத்தின் ஒப்பனைக் கலைஞர் பட்டியலில் பெண் பெயர் இல்லாததற்கு 'பெண்கள் வருவதில்லை' என்பதா விளக்கம்?

தரம்தான் முக்கியம், பெண் என்பதற்காக வாய்ப்புத் தரக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்த அளவுகோல் உறவினருக்கும் அறைத்தோழருக்கும் பொருந்தட்டும். ரேவதி 'மித்ர் மை ஃப்ரெண்ட்' இயக்கியபோது ஒளிப்பதிவை ஃபவுசியா பாத்திமாவிடமும் படத்தொகுப்பை பீனா பாலிடமும் கொடுத்தார். பீனா பாலுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. தரம் எங்கே குறைந்தது? பெண் இயக்கும் படங்களில் எழுத்து, தொகுப்பு, ஒளிப்பதிவு ஆகியவற்றிலும் பெண்கள் கூடுதலாக இருக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் மார்த்தா லாசனின் ஆய்வு ஆண்டுதோறும் காட்டுகிறது. காலம் தானே சரிசெய்யும் என்பவர்களுக்கும் அதே ஆய்வில் பதில் உண்டு: அதிக வசூல் கண்ட 250 அமெரிக்கப் படங்களின் முக்கியப் பொறுப்புகளில் பெண்கள் 1998இல் 17 சதவீதம், 2024இல் 23 சதவீதம். கால் நூற்றாண்டுக்கு ஆறே சதவீதப் புள்ளிகள்!

காலம் சரிசெய்யட்டும் என்று கேரளம் காத்திருக்கவில்லை; அங்கும் குறை உண்டுதான். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 முடிவில் கைக்கு வந்தும், மாநில அரசு அதை 2024 ஆகஸ்டில்தான், அதுவும் பகுதிகளை நீக்கி, வெளியிட்டது என்பது வெட்கக்கேடு. பாலியல் அத்துமீறல்களைப் பற்றிய பகுதிகள் தலைப்புச் செய்தியாயின; கழிப்பறை இல்லாதது, எழுத்து ஒப்பந்தம் இல்லாதது போன்ற பகுதிகள் அவ்வளவு பேசப்படவில்லை. என் கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. ஒப்பந்தம் இல்லாதவள் புகார் கொடுத்தால், அடுத்த படத்தில் இல்லை. ஆனால் அதே அரசு, பெண் இயக்குநர்களின் திரைக்கதைகளைத் தேர்ந்தெடுத்து, அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் வழியாகப் பணமும் கொடுத்தது. தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' எல்லாம் அப்படி வந்தவை. அரசுப் பணத்தில் நாலு படம் எடுத்தால் தொழில் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாது. ஆனால் அந்தப் படங்களில் வேலை செய்த உதவியாளர்களுக்கு, அடுத்த தயாரிப்பாளரிடம் காட்ட ஒரு டைட்டில் கார்டு கிடைத்துவிடுகிறது. தமிழ்நாடு அரசும் குறைந்த செலவில் எடுக்கும் தரமான படங்களுக்கு மானியம் தருகிறது. யூனிட்டில் எல்லோருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்ததா, பெண்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் இருந்தனவா என்று அந்த விண்ணப்பத்தில் கேட்பதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவைப்படாது.