மாலைதீவுப் பயணம்: அறை விலைக்கு முன் படகின் நேரத்தைக் கேளுங்கள்

விடுமுறை போவதென்றால் எமது வியாபாரிகள் முதலில் கேட்கும் கேள்வி "அறை எவ்வளவு?" என்பதுதான். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போவதற்கு அது சரியான கேள்வி. மாலைதீவுக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டியது.

கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் சுமார் ஒன்றரை மணித்தியாலம். வருகையின்போதே 30 நாள் விசா இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வளவு கிட்டவுள்ள நாடு என்பதால் பலர் இலேசாக எண்ணிப் புறப்படுகிறார்கள். ஆனால் அந்த நாடு வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீற்றருக்கும் அதிகமாகக் கடலில் நீண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 1,200 தீவுகள்; மக்கள் வாழ்வது 200க்குச் சற்றுக் குறைவானவற்றில். விமான நிலையமே ஒரு தனித்தீவு. மாலே, ஹுல்ஹுமாலே இரண்டுக்கும் வாகனத்தில் போகலாம்; மாலேக்கான பாலம் 2018இல் திறக்கப்பட்டது. மற்றெல்லா இடத்துக்கும் படகு, அல்லது இன்னொரு விமானம்.

புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஐந்து நாள் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனார். தூரத்துத் தீவொன்றில் மலிவாக அறை கிடைத்தது. இறங்கியது வியாழன் இரவு. மறுநாள் வெள்ளி. அங்கு வெள்ளி, சனி வார விடுமுறை. தீவுகளுக்கிடையிலான மலிவான பொதுப் படகுச் சேவை வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை. ஹுல்ஹுமாலேயில் இரண்டு இரவு அறை எடுத்துக் காத்திருந்து சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார். திரும்பும்போதும் விமானத்தைப் பிடிக்க முதல் நாளே கிளம்ப வேண்டியதாயிற்று. ஐந்து நாளில் கடலில் கால் நனைத்தது இரண்டு நாள்தான். அறையில் மிச்சம் பிடித்ததைக் காத்திருப்பில் கொடுத்தார். கடையில் போன ஐந்து நாள் விற்பனை தனிக்கணக்கு.

ஆகவே முதலில் தீவைத் தெரிவு செய்து, அதற்கு எந்தெந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்குப் படகு என்று விடுதியிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு விமான டிக்கட். பகல் 12 மணிக்கு முன் இறங்கும் விமானமே நல்லது. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தூரத் தீவுகளுக்கான ஸ்பீட் போட்டுகளும் இருட்டிய பின் இராது. அவர்களது கடிகாரம் எம்முடையதை விட அரை மணித்தியாலம் பின்தங்கியது. படகு நேரம் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

குடும்பத்தோடு போகும் நடுத்தர வியாபாரிக்கு இந்நாடு எட்டக்கூடியதாக மாறியதே அண்மைக் காலத்தில்தான். 1972இல் அங்கு உல்லாசப் பயணத்துறை தொடங்கியது முதல், ஆளில்லாத் தீவுகளில் கட்டிய பெரும் ஹோட்டல்களே அத்தொழிலை நடத்தின. 2009, 2010 அளவில் சட்டம் மாறி, மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த வழி பிறந்தது. மாலேயிலிருந்து 27 கிலோமீற்றர் தெற்கேயுள்ள மாஃபுஷி முன்பு சிறைச்சாலைக்குப் பெயர்போன தீவு. இன்று அங்கு தெருவெல்லாம் விடுதிகள். சிறு முதலாளிக்கு வாசல் திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க விரும்பும் வியாபாரிகள், கடலை விட்டுவிட்டு அந்தத் தெருக்களில் ஒரு மாலை நடந்து பார்க்கலாம்.

இனி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. எல்லாம் எல்லா மாதமும் கிடைக்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. முதல் தடவை நீருக்குள் முகம் வைப்பவர்களுக்கு அதுவே காலம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழையும் அலையும் உண்டு. ஆனால் அதே காற்றுத்தான் பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு குடாவுக்கு மென்டா எனப்படும் இராட்சதத் திருக்கைகளைக் கூட்டமாகக் கொண்டுவருகிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கு மிதவை உயிர்கள் தேங்கும். அவற்றைத் தின்னவே அவை வருகின்றன. அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போகலாம். காற்றுத் தாங்கியுடன் சுழியோட அனுமதியில்லை, ஸ்நோர்க்கலிங் மட்டுமே. இதற்குத் தங்க ஏற்றது தரவந்தூ தீவு. உள்நாட்டு விமான நிலையம் அங்கேயே இருக்கிறது.

திமிங்கிலச் சுறாவைப் பார்க்க விரும்புவோர் தென் ஆரி அட்டோலுக்குப் போக வேண்டும். ஆண்டு முழுவதும் அவை காணப்படும் அபூர்வமான கடற்பகுதி அது. மாமிகிலி, திகுரா என்பன தங்கத் தோதான தீவுகள். ஆனால் சுறா யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. "நிச்சயம் காட்டுவோம்" என்பவரைவிட "காணாவிட்டால் மறுநாள் பாதி விலைக்குக் கூட்டிப் போகிறோம்" என்பவரை நம்புங்கள். இரண்டு கடற்பகுதியையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்ற ஆசை ஐந்து நாளுக்குள் வேண்டாம். ஒரு தீவில் தங்கி அங்கிருந்தே போய் வருவதுதான் இலாபம்.

சுற்றுலாக்களின் விலையில் வியாபாரிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுண்டு. செலவு படகுக்கும் எண்ணெய்க்கும்தான், ஆளுக்கல்ல. உதாரணத்துக்கு ஒரு படகுக்கு 200 டொலர் என்று வைத்துக்கொண்டால், இருவர் போனால் ஆளுக்கு 100, எட்டுப் பேர் போனால் 25. எனவே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவது புத்தி. பேரம் பேசுவதென்றால் தலைக்கல்ல, படகுக்குப் பேசுங்கள்.

விலைப்பட்டியலில் "பிளஸ் பிளஸ்" என்று கண்டால் பேனையை எடுங்கள். 100 டொலர் அறையென்றால் சேவைக் கட்டணம் பத்து வீதம் சேர்ந்து 110. அதன்மேல் உல்லாசப் பயணத்துறை வரி. 2025 ஜூலையில் இது 17 வீதமாக்கப்பட்டது. ஆக 128 டொலர் 70 சதம். இதற்குப் புறம்பாகப் பசுமை வரி. 2025 ஜனவரி முதல் உள்ளூர்த் தீவுகளின் சிறு விடுதிகளில் ஆளுக்கு இரவொன்றுக்கு 6 டொலர். நால்வர் ஐந்து இரவு தங்கினால் 120. 2022இல் டொலர் எங்கே ஏறியது என்று எமக்குத் தெரியும். இந்தச் சில்லறைகளை ரூபாவில் பெருக்கிப் பார்த்துவிட்டே முற்பணம் அனுப்புங்கள்.

எமது முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பு காலத்தில் வருகிறது. அப்போது போக எண்ணுபவர்கள் யோசிக்க வேண்டும். உள்ளூர்த் தீவுகளில் பகலில் உணவுச் சாலைகள் மூடியிருக்கும், கடல் ஓட்டங்களும் குறையும். பெருநாளை ஒட்டிய நாட்களில் மாலேவாசிகள் சொந்தத் தீவுகளுக்குப் போவதால் படகுகளில் இடம் கிடைப்பது கஷ்டம். மற்றபடி குடும்பத்துக்கு இலகுவான இடம். சாப்பாட்டுக்கு விசாரிக்கத் தேவையில்லை. பெண்கள் முழு உடையுடன் நீந்துவது அங்கு வழமை. வெளிநாட்டார் நீச்சலுடையில் குளிக்கக் கடற்கரையில் வேறாக ஒதுக்கிய பகுதி உண்டு.

ஒரே கவலை, எம்மவர் பலருக்கு நீந்தத் தெரியாது. பவளப்பாறைக்கு இடையிலுள்ள ஓடையை அவர்கள் "கண்டு" என்பார்கள்; நீரோட்டம் அங்குதான் வேகம். புறப்பட முன் இங்கேயே ஒரு நீச்சல் தடாகத்தில் நான்கைந்து நாள் பழகுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற விடாதீர்கள். படகில் ஏறும்போதே அங்கிகளை எண்ணிப் பாருங்கள், ஆட்களுக்குப் போதுமா என்று.

ஆழ்நீர்ச் சுழியோடல் செய்ய எண்ணுபவர் அதை முதல் நாட்களிலேயே முடிக்க வேண்டும். சுழியோடிய பின் விமானம் ஏற 18 முதல் 24 மணித்தியாலம் இடைவெளி தேவை. இல்லாவிட்டால் உடலில் தேங்கிய நைதரசன் ஆபத்தை உண்டாக்கும். கடைசி நாளை மாலேக்கு ஒதுக்குங்கள். வடக்குக் கரையில் மீன் சந்தையும் அதையொட்டி உள்ளூர்ச் சந்தையும் இருக்கின்றன. எம் வீட்டுச் சம்பலுக்கு மாசி வருவது இந்த நாட்டிலிருந்துதான். சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்துச் செய்கிறார்கள். வாங்கும்போது ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், நன்கு காய்ந்தது கட்டைபோல் ஒலிக்கும். இரண்டு உறையில் இறுகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வாசம் உடுப்பில் ஏறினால் போகாது.