பெடல் ஓட்டையை அடைக்கும் வித்தை

குமரி மாவட்டத்து மயிலாடியில் சிற்பக்கூடங்கள் இருக்கும் தெருக்களில் கல்தூசி அடங்குவதே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று அதை வாரிச் சுழற்றுகிறது. இந்தச் சாலைகளில் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிப் போனால், தார்ப்பாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஓட்டுபவரின் முழங்கால்வரை தூசி படியும். அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் வருவதல்ல, காலடியிலிருந்து மேலே ஏறி வருவது. கிளட்ச், பிரேக் பெடல்களின் தண்டுகள் தரைத்தகட்டைத் துளைத்து மேலே வரும் இடத்தில் இரண்டு நீள ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை அடைப்பதில் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நிற்கின்றன.

இன்றைய கார்களில் பெடல்கள் மேலிருந்து தொங்குகின்றன. மகிந்திரா நிறுவனம் தயாரித்த பழைய வில்லிஸ் ஜீப்பிலும், 1948-இல் வெளிவந்து இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனரிலும் அப்படி இல்லை. பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் அவற்றில் தரைக்குக் கீழே இருக்கிறது. பெடலின் அச்சும் அங்கேதான். ஆகவே தண்டு தரையைத் துளைத்தே மேலே வந்தாக வேண்டும்.

ஒயர் நுழையும் ஓட்டை என்றால் ஒரு ரப்பர் வளையம் போதும். ஆனால் பெடல் தண்டு அசைகிறது, அதுவும் வில்லாக வளைந்த பாதையில். அச்சிலிருந்து பாதம் படும் தட்டுவரை தண்டின் நீளம் 30 செ.மீ. என்றும், தட்டு 15 செ.மீ. நகர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 10 செ.மீ. மேலே தரைத்தகடு இருந்தால், அந்த இடத்தில் தண்டு 5 செ.மீ. மட்டுமே நகரும். அச்சு தகட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஓட்டையும் குறுகும். அந்தக் காலப் பொறியாளர்கள் அச்சை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தாலே அவர்களுடைய கணக்கு புரியும்.

ஜீப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெடலின் அச்சு அடிச்சட்டத்தில் இருக்கிறது, ஓட்டையோ அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் உடற்பகுதியின் தகட்டில் இருக்கிறது. மலைப்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும், உடற்பகுதி அதே அளவு முறுக்காது. பெடலை யாரும் தொடாதபோதும் ஓட்டைக்குள் தண்டு சற்றே இடம் மாறும். அதனால் கணக்கில் வருவதைவிட ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியே தீர வேண்டும்.

இவ்வளவு சிறிய ஓட்டையால் என்ன ஆகிவிடும்? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை முட்டும் காற்றின் அழுத்தம் சுமார் 17 மில்லிமீட்டர் நீர்மட்டத்தைத் தூக்கி நிறுத்தும். அதில் பாதி அழுத்தம், மொத்தம் 20 சதுர செ.மீ. பரப்புள்ள இரண்டு ஓட்டைகளுக்கும் கீழிருந்து செயல்படுவதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 14 லிட்டர் காற்று உள்ளே வரும். நொடிக்கு ஒரு குடம் காற்றை யாரோ காலடியில் கவிழ்த்துக்கொண்டே இருப்பது மாதிரி. என்ஜினைத் தொட்டு வரும் காற்று என்பதால் சூடும் சேர்ந்து வரும். புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பெடல் ஓட்டையை வசதிக் குறைவு என்று மட்டும் நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சத்தத்தின் கதை இன்னும் வியப்பானது. ஒரு சதுர மீட்டர் தரையில் 20 சதுர செ.மீ. என்பது ஐந்நூறில் ஒரு பங்கு. மேட் விரித்த தரை, தன்மேல் விழும் ஒலியாற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது என்று கொள்வோம். ஓட்டை தன்மேல் விழுவதை முழுவதுமாக விடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், மீதித் தரை முழுவதும் சேர்ந்து விடுவதைப்போல் இருபது மடங்கு சத்தம் அந்த ஓட்டை வழியாகவே வருகிறது. மேட்டை இரட்டிப்பாக்குவது வீண். ஓட்டையை அடைத்தால்தான் பலன்.

அடைக்கும் வழிகளில் பழையது, கம்பளித் துணியிலோ தோலிலோ ஒரு கீறல் போட்டுத் தண்டை நுழைத்து, சுற்றிலும் தகடு வைத்து முடுக்குவது. கீறலின் இரு உதடுகளும் தண்டைத் தழுவி நிற்கும். அடுத்தது, அதே கீறலைத் தடித்த ரப்பரில் போடுவது. ஆனால் கீறலின் இரு முனைகளும் நாளடைவில் கிழிந்து நீளும். முனைகளில் சிறிய வட்டத் துளை இட்டால் இழுவிசை ஒரே புள்ளியில் குவியாமல் பரவி, கிழிசல் தாமதமாகும். ஆகச் சிறந்தது துருத்தி போல மடிப்புகள் கொண்ட ரப்பர் பூட். அதன் அடி தகட்டிலும் கழுத்து தண்டிலும் இறுகி நிற்கும். எதுவும் எதன்மேலும் உரசாது, மடிப்புகள் மட்டும் விரிந்து சுருங்கும்.

இந்த ரப்பர் குமரி மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் மரங்கள் கீரிப்பாறை மலைகளில் நிற்கின்றன. மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகத்தால் ஆங்காங்கே முடிச்சுப் போடுவது வல்கனைசிங். சார்லஸ் குட்இயர் 1839-இல் அதைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகுதான் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்கு உறுதியாகத் திரும்பியது. இயற்கை ரப்பருக்கு இன்னொரு அற்புதக் குணம் உண்டு. பல மடங்கு இழுபடும்போது அதன் சங்கிலிகள் வரிசையாகி அந்த இடத்தில் படிகமாக இறுகுகின்றன. கிழிசலின் முனையில்தான் இழுப்பு மிக அதிகம், ஆகவே கிழிசல் தொடங்கும் இடத்திலேயே ரப்பர் தன்னைத்தானே கெட்டியாக்கிக்கொண்டு கிழிசலை எதிர்க்கிறது.

அதன் பகைவன் ஓசோன். நாம் சுவாசிக்கும் காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பத்துப் பங்குதான் ஓசோன் இருக்கிறது, அதுவே போதும். ரப்பர் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது அறுத்துவிடுகிறது. இழுபடாத ரப்பரில் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்டு நிற்கும் ரப்பரில் இழுப்புக்குக் குறுக்காக வெடிப்பு வெடிப்பாகத் திறந்துகொள்ளும். பழைய வண்டி வாழ்நாளின் பெரும்பகுதியை ஷெட்டில் நின்றபடிதான் கழிக்கிறது. அதனால் நல்ல பூட் என்பது, பெடல் மேலே ஓய்ந்திருக்கும் நிலையில் எந்த மடிப்பும் இழுபடாதபடி வார்க்கப்பட்டது. 1960-களில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். ரப்பரின் சங்கிலி முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஓசோனால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் என்ஜின் எண்ணெய் பட்டால் அது உப்பிவிடும். எண்ணெய் சொட்டும் வண்டிக்கு நியோபிரீன் ரப்பர் நல்லது.

ஓட்டையை அடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் மாஸ்டர் சிலிண்டரை மறந்துவிடுகிறார்கள். அதற்குள் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத துளை ஒன்று இருக்கிறது. பெடல் முழுவதும் மேலே வந்தபிறகுதான் அந்தத் துளை திறக்கும். சூட்டில் விரிவடையும் பிரேக் எண்ணெய் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்புகிறது. விறைப்பான பூட் ஒன்று பெடலைச் சில மில்லிமீட்டர் கீழேயே பிடித்து வைத்தால் துளை மூடியே கிடக்கும். எண்ணெய் போக இடமின்றி பிரேக்கை அழுத்தும், பிரேக் உரசிச் சூடாகும், சூட்டில் எண்ணெய் மேலும் விரிந்து இன்னும் அழுத்தும். ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டிருந்தாலும் வண்டி தானாகப் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதனால் புதிய பூட் மாட்டியதும் பெடலைக் கையால் மெல்ல அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். அது தயங்காமல் தன் பழைய இடத்துக்கே வர வேண்டும். தட்டில் முதல் சில மில்லிமீட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பூட்டைக் கழற்றி, கழுத்தைத் தளர்த்தி மாட்டிய பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.